சபையில் வாதிக்கும் முறை

(பண்ருட்டியில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாணவர் உதவி நிதியைப் பற்றிய பிரேரணை இரண்டு கூட்டங்களில் வாதிக்கப்பெற்றும் தீர்மானம் பிறக்கவில்லை. அதற்குள் நம் பிள்ளைகள் இருவர் கல்லூரிச் சம்பளம் செலுத்தவேண்டிய தவணை கடந்துவிட்டது. மறுத்தவர் பலர், மறுப்புக்குக் காரணம் கூறியவர் ஒருவருமிலர். ஆதலின் சபையில் வாதிக்கும் முறையைப் பற்றிச் சில சொல்லத் துணிந்தேன்.

இக்குறை புதியதன்று. திருநெல்வேலிச் சீமையிலுள்ள மானூர்க் கோயிலில், கி.பி. 800-ஐ ஒட்டிப் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் பொறித்த சாசனம் ஒன்று உளது. அவ்வூர் மகாசபையார் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதிகளை அதிற் காணலாம். எக்காரியம் வந்தபோதிலும் அன்று, அன்று என்றே மறுத்துத் தடுப்பவர், தமக்குத் துணைநிற்பவருடன், காரியந்தோறும் ஐந்து காசு தண்டம் இறுக்கவேண்டும்; அதன்பின்னும் சபையின் விதிக்கு அடங்கியே ஒழுகவேண்டும்.

இவ்விதியின் நுட்பத்தை உற்றுநோக்குங்கள். எதற்கும் மறுப்பையே தொழிலாகக் கொண்டு சபையை முடக்குவதற்கே தண்டம், ஆராய்ந்து மாறுபடுவதற்கன்று. துணைநின்றவரும் தப்புவதில்லை. தண்டம் இறுத்தவரைச் சபை தள்ளிவிடவுமில்லை.

உத்தரமேரூரிலும் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டினர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் மீண்டும் இடமில்லை. விதி யாவரும் காணக் கல்லில் நின்றமையால், ஆளுக்கொரு விதி சொல்ல இடமில்லாது போயிற்று.

ஆனால் முன்னோர் செய்த யாவையும் நாம் மேற்கொள்ளலாகாது. நிலமுடைமையும் சாஸ்திரக் கல்வியும் உடையவரே மானூர்ச் சபையில் கலந்துகொள்ளலாயிற்று. நம் சங்கத்திலோ, முந்திரித் தோப்பில் கூலிக்குச் செல்லும் தாய்மாரும் வாய்திறந்து பேசுதல் வேண்டும். உரத்த குரலினர் ஓயாது மறுக்குமிடத்தில் மெல்லிய குரலினர் வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். அதுவே பெரு நஷ்டம்.

ஆகவே என் விண்ணப்பம் இது: ஒரு பொருள் முடியுமுன் மற்றொன்றை எடுக்கலாகாது. மறுப்பவர் காரணத்தையும் தாம் கருதும் மாற்றுவழியையும் கூறவேண்டும். முடிவை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டத்தில் முதலில் வாசிக்கவேண்டும். முடிந்ததை மீண்டும் கிளறுபவர் புதிய காரணம் காட்டவேண்டும்.

ஐந்து காசு தண்டம் நமக்கு வேண்டா. தவணை தவறிய அவ்விரு பிள்ளைகளின் முகம் நம் நினைவில் இருப்பின் போதும். இன்று கலையுமுன் அவர்கள் காரியத்தை முடித்தருளுமாறு வேண்டி, என் உரையை நிறுத்துகின்றேன்.