நம் தாய்மார்களின் வரலாற்றை நாமே காப்போம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

கல்வியின் மேன்மை குறித்து இம்மேடையில் அறிஞர் பலர் பேசியுள்ளனர், இன்னும் பேசவுள்ளனர். ஆகவே, அதிகம் பேசப்படாத பொருளொன்றை நாம் எடுத்துக்கொள்ள விழைகின்றோம். நம் சமூகத்துப் பெண்கள் தம் உரிமைக்காகப் போராடிய வரலாறு எங்கே இருக்கின்றது, யார் கையில் இருக்கின்றது, இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்பதே அப்பொருள்.

1942 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18, 19 ஆகிய நாள்களில் நாகபுரியில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாடு கூடிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னையைச் சேர்ந்த ராவ் பகதூர் என். சிவராஜ் அவர்கள் என்பதை இங்குள்ள பெரியோர் அறிவர். ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் பிறந்ததும் அம்மாநாட்டில்தான். ஆனால், அடுத்த நாளாகிய ஜூலை 20 இல் அதே நாகபுரியில் பெண்களுக்கெனத் தனி மாநாடு ஒன்று நடைபெற்றதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சுலோசனாபாய் டோங்ரே அம்மையார் தலைமை வகித்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டிருந்தனர். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் அங்கே உரையாற்றினார்கள். மணவிலக்குப் பெறும் உரிமை வேண்டும். ஒருவன் பல பெண்களை மணப்பதைச் சட்டம் தடுக்க வேண்டும். ஆலைகளில் உழைக்கும் பெண்களுக்கு விடுப்பும் ஓய்வூதியமும் வேண்டும். சட்டமன்றங்களில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்றெல்லாம் அப்பெண்கள் தீர்மானம் நிறைவேற்றினர். மணவிலக்கை ஏற்று, இருதார மணத்தைத் தடுத்த இந்து திருமணச் சட்டம் வந்தது 1955 ஆம் ஆண்டில். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே, எழுத்தறியாத பெண்கள் பலரும் இருந்த அவையொன்று அதனைக் கேட்டுவிட்டது! பெண்ணுரிமை என்பது படித்த மேல்தட்டினர் நமக்கு இறக்கித் தந்த பொருள் என்று எவரேனும் உரைப்பின், இவ்வொரு செய்தியே அவருக்கு விடையாகும்.

இதனை நாம் இன்று துணிந்து சொல்ல முடிவது எதனால்? அம்மாநாட்டின் அறிக்கையை அக்காலத்திலேயே அச்சிட்டு வைத்ததனால். எனினும், அவ்வறிக்கை தீர்மானங்களைச் சொல்லும். தலைவரின் பெயரைச் சொல்லும். கைக்குழந்தையை எவரிடம் விட்டு வந்தார்கள், வழிச்செலவுக்கு எதனை அடகு வைத்தார்கள், திரும்பிச் சென்றபோது வீட்டில் என்ன வரவேற்பு இருந்தது என்பனவற்றை அது சொல்லுமோ? அவற்றைச் சொல்ல வல்லவர்கள் அங்குச் சென்று வந்த பெண்களே.

மராட்டிய மாநிலத்தில் ஊர்மிளா பவார், மீனாட்சி மூன் என்னும் இரு பெண்மணிகள் இதனை உணர்ந்தனர். அம்பேத்கர் இயக்கத்தில் உழைத்த பெண்களைத் தேடிச் சென்றனர், பேட்டி கண்டனர், பழைய இதழ்களைப் புரட்டினர். 1927 இல் மகத் நகரிலும், 1930 இல் நாசிக் காலாராம் கோயில் முன்னும் பெண்கள் ஆற்றிய பங்கு அதனால் வெளிப்பட்டது. 1989 இல் மராட்டியில் வெளியான அந்நூலின் பெயரைத் தமிழில் ‘நாங்களும் வரலாறு படைத்தோம்’ எனலாம். 2008 இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. அண்ணலின் எழுத்துகளையும் பேச்சுகளையும் மராட்டிய அரசுக்காகத் தொகுத்த வசந்த் மூன் அவர்களின் துணைவியாரே மீனாட்சி மூன். தலைவரின் எழுத்துகளைத் தொகுக்க ஓர் அரசு முன்வந்தது. தொண்டாற்றிய பெண்களின் சொற்களைத் தொகுக்கவோ இரு பெண்கள் தாமே புறப்பட வேண்டியிருந்தது.

ஒரு தாள் தப்பிப் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மற்றுமொரு சான்று. புனேயில் சோதிராவ் புலே, சாவித்திரிபாய் ஆகியோரின் பள்ளியில் பயின்ற முக்தாபாய் என்னும் மாங்கு வகுப்புச் சிறுமி, மாங்கு, மகர் மக்களின் துயரம் பற்றிக் கட்டுரையொன்று எழுதினாள். 1855 இல் ‘ஞானோதயா’ இதழ் அதனை வெளியிட்டது. அவ்விதழ் அழிந்திருப்பின் அச்சிறுமியின் குரலும் அன்றே அழிந்திருக்கும். நம் தமிழகத்திலும், பண்டிதர் அயோத்திதாசர் 1907 முதல் நடத்திய ‘தமிழன்’ இதழ் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. அன்பர்கள் சிலர் பழைய இதழ்களைக் கட்டிக் காத்தமையால்தான் 1999 இல் ஞான. அலாய்சியஸ் அவர்கள் தொகுப்பு நூல்களைக் கொணர முடிந்தது.

அன்னை மீனாம்பாள் சிவராஜ் அவர்கள் 1904 இல் பிறந்து 1992 வரை வாழ்ந்தார்கள். சென்னை மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தார்கள். மேடைகள் பல கண்டார்கள். அத்தகைய தலைவியரைப் பற்றியேனும் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அம்மேடைகளுக்கு எதிரே தரையில் அமர்ந்திருந்த பெண்களைப் பற்றி எவர் எழுதினார்?

அரசு ஆவணக் காப்பகம் எழும்பூரில் உள்ளதே, நமக்கென ஒன்று எதற்கு என்று இளைஞர் சிலர் நம்மைக் கேட்டதுண்டு. அரசு தன் கோப்புகளைக் காக்கின்றது. அக்கோப்புகளில் நம் பெண்கள் பெரும்பாலும் மனுதாரராகவோ, கைதானவராகவோ, ‘இன்னார் மனைவி’யாகவோ மட்டுமே வருவர். பள்ளி ஆவணங்களும் இதற்கு விலக்கல்ல. நாம் பணியாற்றிய பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் தந்தையின் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. தாயின் பெயருக்கு இல்லை. ஆயினும், சில பக்கங்களில் கையொப்பமிடும் இடத்தில் இடது பெருவிரல் ரேகையொன்று காணப்படும். கூலி வேலையை ஒருநாள் விட்டு, மகளைக் கைப்பிடித்து வந்து பள்ளியில் சேர்த்த தாயின் ரேகை அது. அதுவும் ஒரு போராட்டமே. அவள் பெயர் என்ன என்பதைப் பதிவேடு கூறாது. அவ்வூர் முதியோர் கூறுவர்.

பெண்கள் வரலாற்றுக்கெனவே காப்பகம் அமைத்தோரும் நாட்டில் உளர். எழுத்தாளர் அம்பை உள்ளிட்ட மூவர் 1988 இல் மும்பையில் தொடங்கிய ‘ஸ்பாரோ’ நிறுவனம் பெண்களின் வாய்மொழிகளையும் படங்களையும் திரட்டி வருகின்றது. அத்துணைப் பெரிய அமைப்பு நமக்கு இயலாது. நம் கழகப் படிப்பகத்தில் ஒரு எஃகு அலமாரி போதும்.

அதில் எவற்றைச் சேர்ப்பது? மாநாட்டுத் துண்டறிக்கை, மகளிர் மன்றக் கணக்குப் புத்தகம், மனைப்பட்டா கேட்டு எழுதிய மனுவின் நகல், சாராயக்கடை மறியலின் நிழற்படம், சங்க உறுப்பினர் அட்டை முதலிய யாவும் ஆவணங்களே. மூலத்தைப் பறித்துக்கொள்ள வேண்டா. படியெடுத்துக்கொண்டு உரியவரிடமே திருப்பித் தருக. நிழற்படத்தின் பின்புறம் பெயர்களையும் ஆண்டையும் பென்சிலால் மென்மையாக எழுதுக. ஒட்டு நாடாவும் குண்டூசியும் தாளுக்குப் பகை. இளைஞர்கள் ஆர்வத்தால் பழந்தாள்களுக்கு நெகிழி உறையைச் சூடேற்றி ஒட்டிவிடுகின்றனர். ஒட்டிய பின் அதனைப் பிரிக்க வழியில்லை. கைப்பேசியில் எடுத்த படங்களை இரண்டு இடங்களிலாவது சேமித்து வைத்தல் நன்று.

வாய்மொழியைப் பதிவு செய்வதற்குப் பெண் பிள்ளைகளே செல்ல வேண்டும் என்பது நம் கருத்து. ஆடவர் சென்று வினவினால் நம் தாய்மார்கள் தம் கணவரின் வரலாற்றையே கூறி முடித்துவிடுவர்! நாள், ஊர், பேசுபவர், வினவுபவர் ஆகியவற்றை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குக. அவர் பேச்சு வழக்கை இலக்கணத் தமிழாக்கித் திருத்த வேண்டா. ‘இதை நான் இருக்கும்வரை வெளியிடாதே’ என்று அவர் சொல்லும் பகுதியைத் தனியே முத்திரையிட்டு வைத்தல் நம் கடமை.

இங்கே சற்றுக் கடினமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும. அத்தாய்மார்கள் ஆண்டைகளை எதிர்த்த கதையை மட்டும் சொல்ல மாட்டார்கள். இயக்கத்தில் முழங்கிவிட்டு வீட்டில் கை ஓங்கிய கணவரைப் பற்றியும் சொல்வார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் தம்மைப் பேசவிடாத நம் பெரியவர்களைப் பற்றியும் சொல்வார்கள். வீட்டுப் பூசலை வெளியே வைப்பதா, மாற்றார் நகைக்க மாட்டார்களா என்று அஞ்சுவோரின் அச்சம் நமக்கு விளங்காததன்று. ஆயினும், அப்பகுதிகளை நீக்கிவிட்டால் அலமாரியில் எஞ்சுவது ஆடவர் வரலாறே. 1942 இல் மணவிலக்கு உரிமை கேட்ட பெண்கள் அதனை எவர்பொருட்டுக் கேட்டார்கள்? தம் வீட்டை எண்ணித்தானே கேட்டார்கள்! ஆகவே, கழகத்தின் ஆட்சிக் குழு எப்பகுதியையும் வெட்டுவதற்கு அதிகாரம் பெறலாகாது. அவ்வதிகாரம் பேசிய பெண்மணிக்கே உரியது என்று விதிகளில் எழுதி வைக்குமாறு வேண்டுகின்றோம்.

காலம் குறைவு. எண்பது வயது கடந்த தாய்மார்களிடமே முதலில் செல்ல வேண்டும். அவர்கள் பெயரும் தெருவும் எழுதுவதற்கு வரியிட்ட குறிப்பேடு ஒன்றைக் கொணர்ந்துள்ளோம். அதனை இப்பொழுது செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கின்றோம். கூட்டம் முடிந்ததும் வாயிலருகே உள்ள மேசையில் அது இருக்கும். உங்கள் தெருவில் உள்ளோர் பெயரை எழுதிவிட்டுச் செல்லுங்கள்.