அந்த ஆபீசர் யாருக்குப் பயப்படணும்?

📌 கும்மிடிப்பூண்டி தொகுதி எளாவூரில் நடந்த கிளைக் கூட்டத்தில், நம் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிங்க, பகிருங்க.



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்ல. போன்ல போஸ்டர் டிசைன் பண்ற ஆளு நான். அதனால அடுக்குமொழி எதிர்பார்க்காதீங்க. ஒரே ஒரு கேள்வியோட வந்திருக்கேன். அதுவும் என் கேள்வி இல்ல.

உறுப்பினர் சேர்க்கைக்கு வீடு வீடா போனப்ப ஒரு பெரியவர் கேட்டார். "தம்பி, ராத்திரியானா மூக்கைப் பொத்திக்கிட்டுதான் படுக்க வேண்டியிருக்கு. புகார் சொன்னா ஆபீசர் வர்றாரு, பாக்குறாரு, எழுதிக்கிறாரு, போயிடுறாரு. அப்புறம் ஒண்ணும் காணோம். அவரு யாருக்குப்பா பயப்படுறாரு?"

நான் பதில் சொல்லாம வந்துட்டேன். அந்தப் பதிலைத்தான் இன்னைக்குச் சொல்லப் பார்க்கிறேன்.

முதல்லயே ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். கம்பெனியை மூடணும்னு பேச வரல. சிப்காட்ல வேலை பாக்குறது நம்ம அண்ணன் தம்பிங்கதான். தனியா ஒரு ஆபீசரைத் திட்டவும் வரல. ஆளை மாத்தினாலும் இதேதான் நடக்கும். கோளாறு ஆளுகிட்ட இல்ல, அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை எப்படிச் செஞ்சிருக்காங்க என்பதில் இருக்கு.

சிப்காட்ல வேலை பாக்குறவங்களுக்கு இது சட்டுனு புரியும். கம்பெனியில கியூ.சி. ஆள் ஒருத்தர் இருப்பார். சரக்கு சரியில்லன்னா ரிஜெக்ட் பண்றது அவர் வேலை. அவரோட சம்பள உயர்வு, லீவு, டிரான்ஸ்ஃபர் எல்லாத்தையும் புரொடக்ஷன் மேனேஜர் முடிவு பண்றார்னு வெச்சுக்கங்க. மாசக் கடைசி, டார்கெட் முடியணும், லாரி வெளிய நிக்குது. அன்னைக்கு அவர் ரிஜெக்ட் சீல் குத்துவாரா? மனுஷன் நல்லவர்தான். ஆனா குத்த மாட்டார். அதனாலதான் நல்ல கம்பெனியில கியூ.சி.யைப் புரொடக்ஷனுக்குக் கீழ வைக்க மாட்டாங்க.

அரசாங்க அமைப்புகளும் இப்படித்தான் தோழர்களே. ஒரு அமைப்பு சுதந்திரமா இயங்குதான்னு தெரிஞ்சுக்க மூணு கேள்வி போதும்.

1️⃣ யார் நியமிக்கிறாங்க?
2️⃣ யார் தூக்க முடியும்?
3️⃣ யார் உத்தரவு போட முடியும்?

இந்த மூணையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் இந்த வாரியம் 1982-ல் அமைக்கப்பட்டது. அதுக்கு அடிப்படை 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டம். அது நாடாளுமன்றம் போட்ட சட்டம்.

யார் நியமிக்கிறாங்க? பிரிவு 4-ன்படி தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிக்கிறது மாநில அரசு. உள்ளாட்சி அமைப்புகள்ல இருந்து அஞ்சு பேர் வரைக்கும் போடலாம். அந்த அஞ்சு பேர் யாருன்னு தீர்மானிக்கிறதும் மாநில அரசுதான்.

யார் தூக்க முடியும்? பிரிவு 5. பதவிக்காலம் மூணு வருஷம். ஆனா அரசு 'தகுந்தது என்று கருதினால்' அதுக்கு முன்னாடியே நீக்கலாம். விளக்கம் கேட்கணும், அவ்வளவுதான். இன்னின்ன தப்புக்குத்தான் நீக்கலாம்னு பட்டியல் எதுவும் இல்ல.

யார் உத்தரவு போட முடியும்? பிரிவு 18. மாநில அரசு எழுத்துமூலமா உத்தரவு கொடுத்தா வாரியம் அதுக்குக் கட்டுப்பட்டே ஆகணும்.

மூணுக்கும் ஒரே பதில். பெரியவர் கேட்ட கேள்விக்கான விடை சட்டப் புத்தகத்திலேயே அச்சாகி இருக்கு.

இது ஏட்டுச் சட்டம் இல்ல. தூத்துக்குடியை நினைச்சுப் பாருங்க. 2018 ஏப்ரல் 9-ஆம் தேதி ஸ்டெர்லைட் ஆலைக்கு இசைவாணையைப் புதுப்பிக்க வாரியம் மறுத்தது. மே மாசம் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்களை இழந்தோம். மே 23-ல் ஆலையை மூடச் சொல்லி வாரியம் உத்தரவு போட்டது. மே 28-ல் நிரந்தரமா மூடச் சொல்லி மாநில அரசு அரசாணை போட்டது. எந்தப் பிரிவுல? அதே பிரிவு 18. வழக்கு பல நீதிமன்றங்களைச் சுத்தி வந்து, 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றம் ஆலை தரப்பின் மனுவைத் தள்ளுபடி செஞ்சது.

அந்த அரசாணை மக்கள் கேட்டது, நியாயமானது. ஆனா யோசிச்சுப் பாருங்க. 'மூடு'ன்னு சொல்ற சுவிட்சும் 'கண்டுக்காதே'ன்னு சொல்ற சுவிட்சும் ஒரே இடத்துல இருக்கு. 13 உயிர் போன பிறகு அந்த சுவிட்சைச் சரியான பக்கம் தட்டினாங்க. அத்தனை பேர் சாகாத ஊர்ல அதை யார் தட்டுவாங்க?

உச்ச நீதிமன்றத்துக்கும் இது தெரியும். 2017 செப்டம்பர்ல ஒரு தீர்ப்பில், வாரியத் தலைவர், உறுப்பினர் நியமனத்துக்கு ஆறு மாசத்துக்குள்ள முறையான விதிமுறை வகுக்கணும்னு எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. தகுதி இல்லாதவங்களை இந்த நாற்காலியில உட்கார வைக்கிறது நாடு முழுக்க இருக்கிற வியாதிங்கிறதாலதான் அப்படிச் சொல்ல வேண்டி வந்தது.

சரி, வேற மாதிரி நாற்காலி செய்ய முடியாதா? முடியும். நம்ம நாட்டுலயே ஒண்ணு இருக்கு, தேர்தல் ஆணையம்.

டி.என்.சேஷன் 1990 டிசம்பர்ல தலைமைத் தேர்தல் ஆணையர் ஆனார். அரசியல்வாதிங்க நடுங்கினாங்க. அவர் துணிச்சல்காரர், சரி. ஆனா அந்தத் துணிச்சலுக்கு அடியில ஒரு கான்கிரீட் போட்டிருந்தது. அரசியலமைப்புச் சட்டம் 324-ன்படி தலைமைத் தேர்தல் ஆணையரை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குற மாதிரிதான் நீக்க முடியும். நாடாளுமன்றத்தின் ரெண்டு அவையிலும் சிறப்புப் பெரும்பான்மை வேணும். பிரதமரே நினைச்சாலும் ஒரு கையெழுத்துல தூக்க முடியாது.

அப்போ மத்திய அரசு என்ன பண்ணுச்சு? தூக்க முடியலன்னா பக்கத்துல ரெண்டு நாற்காலி போடலாம்னு, 1993 அக்டோபர்ல இன்னும் ரெண்டு ஆணையர்களை நியமிச்சது. சேஷன் வழக்குப் போட்டார். 1995-ல் உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லும்னு சொல்லிடுச்சு. மூணு கேள்வியில ரெண்டாவதுக்கு மட்டும் பூட்டுப் போட்டா பத்தாது, முதல் கேள்விக்கும் பூட்டு வேணும்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.

அந்தப் பூட்டை 2023 மார்ச் 2-ல் உச்ச நீதிமன்றம் போட்டது. பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூணு பேரும் சேர்ந்து தேர்தல் ஆணையர்களைத் தேர்வு செய்யணும், நாடாளுமன்றம் சட்டம் போடும் வரைக்கும் இதுதான் முறைன்னு தீர்ப்பு. அதே வருஷம் டிசம்பர்ல சட்டம் வந்தது. தலைமை நீதிபதியை எடுத்துட்டு, பிரதமர் சொல்ற ஒரு மத்திய அமைச்சரை உட்கார வெச்சாங்க. மூணு ஓட்டுல ரெண்டு ஆளுங்கட்சிக்கு. எதிர்க்கட்சித் தலைவர் வேணாம்னு எழுதி வைக்கலாம், அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இதே சண்டைதான். 1933-ல் ரூஸ்வெல்ட், கூட்டாட்சி வணிக ஆணையத்தில் இருந்த ஹம்ஃப்ரி என்பவரைத் தூக்கினார். அவர் இறந்த பிறகு சம்பளப் பாக்கி கேட்டு வழக்கு நடந்தது. கொள்கை ஒத்துப்போகலன்னு இப்படிப்பட்ட ஆணையரை நீக்க முடியாதுன்னு 1935-ல் தீர்ப்பு. 2025-ல் டிரம்ப் அதே ஆணையத்தின் உறுப்பினர்களை நீக்க, அதே பிரச்சினை மறுபடி உச்ச நீதிமன்றப் படி ஏறுச்சு.

இலங்கை இன்னும் பெரிய பாடம். தேர்தல், காவல் மாதிரி ஆணையங்களுக்கு ஆளுங்கட்சி தன் இஷ்டத்துக்கு ஆள் போடக் கூடாதுன்னு 2001-ல் 17-ஆவது சட்டத்திருத்தம் மூலமா அரசியலமைப்புப் பேரவை வந்தது. 2010-ல் மகிந்த ராஜபக்ச 18-ஆவது திருத்தம் கொண்டுவந்து அதைப் பிடுங்கினார். 2015-ல் 19-ஆவது திருத்தத்தில் திரும்ப வந்தது. 2020-ல் கோத்தபய 20-ஆவதில் மறுபடி பிடுங்கினார். 2022-ல் மக்கள் தெருவுக்கு வந்து அவரை ஓட வெச்ச பிறகு 21-ஆவதில் மறுபடி வந்தது. 21 வருஷத்துல அஞ்சு திருத்தம்! ஜெயிச்சு வந்தவங்க கைக்கு முதல்ல உறுத்தினது இந்தப் பூட்டுதான்.

இப்போ இங்க சில பேர் மனசுல ஒரு கேள்வி ஓடும். "தம்பி, மக்கள் ஓட்டுப் போட்டது அரசாங்கத்துக்கு. யாரும் தேர்ந்தெடுக்காத ஆபீசருக்கு எதுக்கு இவ்வளவு அதிகாரம்?"

நியாயமான கேள்வி. சுதந்திரம்னா தன்னிச்சை இல்ல. எவ்வளவு புகை விடலாம், எங்க ஆலை வரலாம், எந்த ஏரியைக் காப்பாத்தணும், இதையெல்லாம் கொள்கையா முடிவு பண்ண வேண்டியது தேர்ந்தெடுத்த அரசுதான். ஆனா 'இந்தக் கம்பெனி மேல நடவடிக்கை எடு, அந்தக் கம்பெனியை விடு'ன்னு ஒவ்வொரு ஃபைலுக்கும் போன் பண்றது கொள்கை இல்ல. ஆபீசர் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லட்டும், நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லட்டும், எளாவூர் மக்களுக்குப் பதில் சொல்லட்டும். போனுக்குப் பதில் சொல்லக் கூடாது.

இனி சொல்றது நம்ம தலைமைக்கு. தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க.

மத்திய அரசைப் பார்த்துத் தேர்தல் ஆணையர் நியமனம் சரியில்லன்னு நாம போஸ்டர் போடுறோம். நானே ராத்திரி கண்முழிச்சு டிசைன் பண்ணியிருக்கேன். அதே அளவுகோலை நாளைக்கு நம்ம ஆட்சி வந்தா நம்ம மேலயும் வைக்கணும். நம்ம தேர்தல் அறிக்கையில இந்த மூணையும் சேர்க்கணும்னு எளாவூர் கிளை சார்பா கேக்குறேன்.

✅ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவரை, உறுப்பினர்களை வெளிப்படையா விளம்பரம் கொடுத்து, எதிர்க்கட்சித் தலைவரும் இருக்கிற குழு மூலமா தேர்வு செய்வோம்.
✅ பதவிக்காலத்துக்கு முன்னாடி ஒருத்தரை நீக்கினா, காரணத்தை எழுதி வெளியிடுவோம்.
✅ பிரிவு 18-ல் அரசு போடுற ஒவ்வொரு உத்தரவையும் அன்னைக்கே இணையத்தில் போடுவோம், சட்டமன்றத்திலும் வைப்போம்.

மூணாவதுக்கு டெல்லியைக் கேக்க வேண்டியதே இல்ல. ஒரே ஒரு அரசாணை போதும். மனசு இருந்தா முதல் வாரத்துலயே செய்யலாம்.

அதுவரைக்கும் நாம சும்மா இருக்கணும்னு இல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கு. நம்ம ஊர்ப் பக்கத்துல இருக்கிற ஆலைகளுக்கு வாரியம் கொடுத்த இசைவாணை, ஆய்வு அறிக்கை எல்லாத்தையும் மனு போட்டுக் கேக்கலாம். 30 நாள்ல பதில் தரணும். மனு எழுதத் தெரியலன்னா எங்க அணி எழுதித் தரும். கையெழுத்து மட்டும் நீங்க போடுங்க.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிப் பட்டியல்ல 1-ஆம் நம்பர் நம்ம கும்மிடிப்பூண்டி. பட்டியல்ல முதல்ல இருக்கிற தொகுதி இந்தக் கேள்வியையும் முதல்ல கேக்கட்டும்.

அந்தப் பெரியவர் இன்னைக்கு வந்திருக்கார், கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கார். ஐயா, உங்களுக்கு அன்னைக்குச் சொல்லாத பதில் இதுதான். அந்த ஆபீசர் இன்னைக்குத் தன்னை நியமிச்சவருக்கும், தன்னைத் தூக்கக் கூடியவருக்கும், தனக்கு உத்தரவு போடுறவருக்கும் பயப்படுறார். மூணு பேரும் ஒரே ஆள். அவர் சட்டத்துக்கு மட்டும் பயப்படுற நாற்காலியை நாம செஞ்சு தரணும். நாளைக்கு அந்த மூணு பேர் இடத்துல நாமளே இருந்தாலும் செஞ்சு தரணும்.



💬 உங்க ஊர்ல இதே மாதிரி பிரச்சினை இருக்கா? கமெண்ட்ல ஊர் பேரோட சொல்லுங்க.

#எளாவூர் #கும்மிடிப்பூண்டி #யாருக்குப்_பயப்படணும்