பெருங்குடல் புற்றுநோயும் நம் மக்களும்
(சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை)

 

பொன்விழா விருந்துக்கு முன் மலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பு பெருங்குடல் புற்றுநோயை வெள்ளைக்காரர் நோய் என்பார்கள். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பாருங்கள். மலேசிய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். பத்தில் ஏழு பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்படுகிறார்கள். சீனர்களிடம்தானே அதிகம் என்று நாம் ஆறுதல் கொள்வதில் பயனில்லை.

பிரிக்பீல்ட்ஸில் உணவுக்கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவருக்கு மலத்தில் இரத்தம் போனது. மூலம் என்று எண்ணி எட்டு மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டார். கிள்ளானில் இருக்கும் மகள் வற்புறுத்திய பிறகே பரிசோதனைக்குப் போனார். கட்டி ஆசனவாயை ஒட்டி இருந்தது. அறுவை செய்து, மலம் வெளியேற வயிற்றில் நிரந்தரமாகப் பை பொருத்த வேண்டும் என்றார்கள். மனிதர் மறுத்துவிட்டார்.

"பையோடு எப்படித் தொழுவேன்? எந்த முகத்தோடு ஜும்ஆவுக்குப் போவேன்?"

ஹஜ்ரத்தை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அடக்க முடியாமல் வெளியேறுவது மார்க்கம் ஏற்கும் காரணம். வக்து வந்ததும் சுத்தம் செய்து, ஒளுச் செய்து, தாமதிக்காமல் தொழலாம், கசியாத பையோடு ஜமாஅத்திலும் நிற்கலாம் என்று ஹஜ்ரத் பொறுமையாக விளக்கினார். அதற்குள் மூன்று மாதம் வீணாகிவிட்டது. கதிர்வீச்சு, மருந்து, பிறகு அறுவை. இப்போது கடைசி ஸஃப்பில் கதவோரம் தொழுகிறார். அது அவர் விருப்பம்.

இந்தக் கட்டி பெரும்பாலும் குடலின் உட்சுவரில் பாலிப் என்னும் சிறு சதைமுளையாகத் தொடங்கி, புற்றாக மாறப் பத்தாண்டு வரை எடுத்துக்கொள்கிறது. கோலோனோஸ்கோப்பி செய்யும்போதே அதை வெட்டி எடுத்துவிடலாம். அறிகுறி இல்லாத, 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் அது காட்டும். குடிமக்களுக்கு வருகைக் கட்டணம் ஒரு வெள்ளி. தாய் தந்தை, உடன்பிறந்தவர்களுக்கு இந்நோய் வந்திருந்தால் 50 வரை காத்திருக்காதீர்கள். இரத்தம் போனாலோ மலப்போக்கு மாறினாலோ வயதே பார்க்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹலால் முத்திரை இருந்தாலும் சாசேஜ் சாசேஜ்தான். பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் தின்றால் ஆபத்து சுமார் 18 விழுக்காடு கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை 2015இல் அறிவித்தது.

நம் கடைகளில் வேலை செய்யும் ஊர்ப் பிள்ளைகள் அரசு மருத்துவமனையிலும் அயல்நாட்டவர் கட்டணம் கட்ட வேண்டும். அதற்குப் பயந்தே நோயை மறைப்பார்கள். முதலாளிமார் நீங்களே கேளுங்கள்.

பெண்கள் தனியே கேட்க விரும்பினால், மேல்மாடியில் பெண் மருத்துவர் இருக்கிறார். இஷா வரை இருப்பார்.