மழைநீரை விழுங்கும் ஓடுபாதை



மழை பெய்தால் நமக்குப் பால்வெட்டு நின்றுவிடும். விமானப் போக்குவரத்து நிற்பதில்லை. நனைந்த ஓடுபாதையில் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் இறங்கும்பொழுது, சக்கரத்தின் கீழ் நீர் தேங்கியிருந்தால் டயர் தரையைத் தொடாமல் நீர்மீது மிதக்கும். பிரேக்கை எவ்வளவு அழுத்தினும் பயனில்லை. டயரின் காற்றழுத்தத்தைக் கொண்டே மிதக்கும் வேகத்தைக் கணிக்கலாம் என அமெரிக்க நாசா ஆய்வாளர்கள் 1963இல் காட்டினர். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 196 இராத்தலாயின், அவ்வேகம் மணிக்கு ஏறத்தாழ 233 கிலோமீட்டர்.

இதற்கொரு மாற்று, துளைகள் மிகுந்த மேற்பரப்பு. பொடிக்கல்லைக் குறைத்து, ஏறக்குறைய ஒரே அளவான சல்லியைத் தாருடன் கலந்து, சுமார் ஓரங்குலக் கனத்தில் பரப்புவர். நீர் கல்லிடுக்குகளில் இறங்கி, அடியிலுள்ள நீர்புகாத் தளத்தின்மீது வழிந்து ஓரத்தை அடையும். அத்தளம் சரிவின்றி இருந்தாலோ, வெடித்திருந்தாலோ செய்த வேலை வீணே.

நமக்கும் இதில் தொடர்புண்டு. விமான டயரில் இயற்கை ரப்பர் மிகுதி. அது சூடேறுவது குறைவு என்பதே காரணம். தரையைத் தொடும் கணத்தில் அந்த ரப்பர் தேய்ந்து உருகி ஓடுபாதையில் ஒட்டுகிறது. நாளடைவில் துளைகளையே அடைத்துவிடுகிறது. நாம் வெட்டிய பால் அங்கே கரும்பட்டையாய்ப் படிகிறது! உயரழுத்த நீரைப் பீய்ச்சி அதனை அகற்றுவர். அழுத்தம் மிகுந்தால் சல்லியும் பெயரும். பெயர்ந்த கல் எஞ்சினுள் புகுந்தால் பெருங்கேடு. ஆகவேதான் பல விமான நிலையங்கள், கெட்டியான தளத்தின் குறுக்கே நீர் வடியப் பள்ளக்கோடுகள் வெட்டுவதை மேலெனக் கொள்கின்றன.