பென்சில் யார் கையில்?



தமிழில் ‘ஆசிரியர்’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துபவர் ஆசிரியர். பத்திரிகையை நடத்துபவரும் ஆசிரியர். புத்தகம் எழுதியவர் நூலாசிரியர். எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் பெயர் இல்லாமல், பகலில் அடுத்தவர் எழுதியதைச் செம்மைப்படுத்திக் கொடுத்து, மாலையில் நாலு பேருக்கு எழுதச் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்த வேலைக்கு நேர்வழியில் வந்தவர்கள் குறைவு. ஒருவர் பள்ளி வாத்தியாராக இருந்திருப்பார். இன்னொருவர் அச்சகத்தில் புரூஃப் பார்த்திருப்பார். எங்கிருந்து வந்தாலும் கைவர வேண்டியது ஒன்றுதான்: அடுத்தவர் வாக்கியத்தின் முன் அவசரப்படாமல் நிற்பது.

ஒரு வாக்கியம் சொல்கிறேன், கேளுங்கள். ‘மேலாளர் ஊழியரிடம் தன் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார்.’ இலக்கணப் பிழை இல்லை, சந்திப் பிழை இல்லை. ஆனால் யாருடைய கணக்கு? மேலாளருடையதா, ஊழியருடையதா? எழுதியவருக்கு விடை தெரியும். அதனாலேயே இந்தக் குழப்பம் அவர் கண்ணில் படாது. நல்ல செம்மையாக்குநர் ‘தன்’ என்பதைச் சுழித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். தானே ஒரு விடையை எழுதிவிட மாட்டார். இந்தக் கலையின் பாதி அந்தக் கேள்விக்குறியில் இருக்கிறது.

அதைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கோர்டன் லிஷ் பெரிய பாடம். கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். பிறகு பாடநூல் தயாரிப்பு. அந்த நாட்களில்தான், பாடநூல் பதிப்பகம் ஒன்றில் வேலை பார்த்த சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரோடு பழக்கம். 1969இல் லிஷ் ‘எஸ்குயர்’ இதழின் புனைகதை ஆசிரியரானார். அடுத்து நியூயார்க்கின் நாஃப் பதிப்பகம். கூடவே, வீடுகளில் கூடும் எழுத்து வகுப்புகள். பல மணி நேரம் நீளும் அந்த வகுப்புகளில் மாணவர் தன் கதையை உரக்க வாசிப்பார். பொய்யாக ஒலிக்கும் முதல் வாக்கியத்திலேயே லிஷ் நிறுத்திவிடுவார். மாணவர் வீட்டுக்குப் போய் மறுபடி எழுதிக்கொண்டு வரவேண்டும். கடுமைதான்; ஆனாலும் பென்சில் மாணவர் கையிலேயே இருந்தது.

கார்வரின் கதைகளில் அப்படி இல்லை. 1981இல் வெளிவந்த தொகுப்பில் பாதிக்கு மேல் வெட்டினார் லிஷ். தலைப்புகளையும் முடிவுகளையும்கூட மாற்றினார். ஒரு கதையை மட்டும் பார்ப்போம். மகனின் பிறந்தநாளுக்குத் தாய் கேக் சொல்லியிருக்கிறாள். பையன் காரில் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கிறான். கேக்கை யாரும் வாங்க வராத கோபத்தில் கடைக்காரர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார். லிஷ் வெட்டிய வடிவத்தில், பையன் பிழைத்தானா என்பதே தெரியாமல், தொலைபேசி மணியோடு கதை முடிகிறது. கார்வர் எழுதியதில் பையன் இறந்துபோகிறான். பெற்றோர் நள்ளிரவில் அந்த பேக்கரிக்குச் சண்டைக்குப் போகிறார்கள். விஷயம் தெரிந்த கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு, உட்காரவைத்து, சூடான ரொட்டி எடுத்துக் கொடுக்கிறார். விடியும்வரை மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வெட்டிய கதை முதுகைச் சில்லிட வைக்கும். வாக்கியத்துக்கு வாக்கியம் லிஷ்ஷின் கை தேர்ந்த கை. ஆனால் அந்த ரொட்டியைக் காணோம். புத்தகத்தை நிறுத்தும்படி 1980 ஜூலையில் கார்வர் கடிதத்தில் கெஞ்சினார். லிஷ் நிறுத்தவில்லை. புத்தகம் கார்வருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது என்பதும் உண்மை. ஆனாலும் அடுத்த தொகுப்பில் அந்த வெட்டை அவர் அனுமதிக்கவில்லை. 1983இல் வந்த அந்த நூலில் ரொட்டிக் காட்சி திரும்பி வந்தது. கார்வர் காலமானது 1988இல். வெட்டுப்படாத மூலத் தொகுப்பு முழுதாக வெளிவர 2009 ஆயிற்று.

வகுப்பில் மாணவரைத் திருப்பி அனுப்பிய லிஷ், பதிப்பக மேசை முன் உட்கார்ந்ததும் விடையைத் தானே எழுதிவிட்டார். கற்பிப்பதும் செம்மைப்படுத்துவதும் பிரியும் இடம் இதுவல்ல. இரண்டுமே கைவிடப்பட்ட இடம்.

கடைசியாக இன்னொரு வாக்கியம். ‘ஆசிரியர் எழுத்தாளரிடம் தன் கதையைத் திருத்தச் சொன்னார்.’

இதில் ‘தன்’ என்பது யார்? பென்சிலை எடுக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.