பேஸ்மென்ட் மூலையில் நின்ற ஆர்எக்ஸ் 100

(நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். செய்திமடலுக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



கோலப் போட்டிப் பரிசளிப்புக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரைப் பொங்கல் வாசனை எனக்கும் வருகிறது. அதனால் நீட்டி முழக்க மாட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நம் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய ஓர் அறிவிப்பு பலருக்கு நினைவிருக்கும். பேஸ்மென்டில் நீண்ட நாட்களாக ஓடாமல் நிற்கும் இருசக்கர வாகனங்களை உரியவர்கள் முப்பது நாட்களுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும், தவறினால் அப்புறப்படுத்தப்படும் என்று எழுதியிருந்தது. கீழே ஒன்பது வண்டிகளின் பட்டியல். அதற்கும் கீழே பொருளாளர் கையெழுத்து.

அந்தப் பொருளாளர் நான்தான். பட்டியலில் ஏழாவது வண்டியும் என்னுடையதுதான். செக்யூரிட்டி எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அதைப் படித்துவிட்டு மேலே வந்த என் மனைவி, "உங்க அண்ணன் வண்டியை நீங்களே பழைய இரும்புக்குப் போடச் சொல்லியிருக்கீங்க" என்றாள்.

அது 1989ஆம் வருட யமஹா ஆர்எக்ஸ் 100. திருச்சியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணன் தவணையில் வாங்கியது. எனக்கு கியர் போடச் சொல்லிக்கொடுத்த வண்டி. காவிரிப் பாலத்துப் பக்கம் நான் விழுந்து டேங்கில் ஒரு பள்ளம் உண்டாக்கிய வண்டியும் அதுதான். அண்ணனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகி, இனி இருசக்கர வாகனம் வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு என்னிடம் வந்தது. நான் சில மாதம் ஓட்டினேன். அப்புறம் கார் வந்தது. வண்டி மூலைக்குப் போனது.

இளையவர்களுக்காக ஒரு வரி வரலாறு. இந்த வண்டியை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஜப்பானின் யமஹாவோடு சேர்ந்து 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரித்தது. 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின், 11 குதிரைத்திறன், நான்கு கியர். எடை நூறு கிலோவை ஒட்டித்தான். எடை குறைவு, சக்தி அதிகம் என்பதால்தான் அந்தப் பாய்ச்சல். இரண்டு ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். அதனால் புகை வரும். இந்தப் புகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய வண்டி இருந்து, அதைச் சரிசெய்ய ஆசை வந்தால், முதலில் ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஆர்.சி. புக்கை எடுங்கள். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் புத்தகத்தில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதன்பின் வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 'இது விண்டேஜ் வண்டி, சலுகை உண்டு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிதான் விண்டேஜ். அதையும் தினசரி ஓட்டுவதற்கு அனுமதி இல்லை. என் வண்டி அந்தக் கணக்குக்கு இன்னும் சின்னப் பிள்ளை.

அடுத்தது, கழற்றுவது. கழற்றும் முன் ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். ஒயர் எந்த வழியாகப் போகிறது, கேபிள் எதற்கு மேலே எதற்குக் கீழே என்பது ஒரு மாதம் கழித்து நினைவிருக்காது. நான் போல்ட்டுகளை முட்டை அட்டையில் வைத்தேன். பி பிளாக்கில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண், ஒவ்வொரு குழிக்கும் பெயர் எழுதி ஒட்டினாள். அந்த அட்டைகள் இல்லையென்றால் வண்டி இன்றைக்கும் சாக்கு மூட்டையில்தான் இருந்திருக்கும்.

நான் செய்த முதல் தவறு ஸ்க்ரூ டிரைவரில். ஜப்பான் வடிவமைப்பு வண்டிகளின் ஸ்க்ரூக்களில் உள்ள கூட்டல்குறி வெட்டு, கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. ஜேஐஎஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். தெரியாமல் திருகி மூன்று ஸ்க்ரூவின் தலையை வழவழவென்று ஆக்கினேன். அவற்றை எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

என்ஜின் இறுகியிருந்தது. கிக்கர் அசையவில்லை. இந்த நேரத்தில் கிக்கர் மேல் ஏறிக் குதிப்பதுதான் எல்லோரும் செய்வது. அது பல்சக்கரத்தை உடைக்கும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, மூன்று நாள் விட்டுவிட்டேன். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினேன். நான்காம் நாள் ஒரு 'டக்'. பிஸ்டன் அசைந்துவிட்டது. சிலிண்டரில் கீறல் இருந்ததால் லேத்தில் கொடுத்து போரிங் செய்து, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டோம். புது உதிரிகளுக்கு ஜி.பி. ரோடு, பழைய அசல் உதிரிகளுக்குப் புதுப்பேட்டை. செலவில் வீட்டில் சொன்ன கணக்கு ஒன்று, உண்மைக் கணக்கு ஒன்று. இரண்டையும் இந்த மேடையில் சொல்ல முடியாது.

கிராங்க் சீல்களை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். சின்ன ரப்பர் வளையம்தான். ஆனால் நின்ற வண்டியில் அது காய்ந்துவிடும். மேக்னட் பக்கத்து சீல் போனால் காற்று உள்ளே புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, என்ஜின் சூடாகி மறுபடி இறுகும். க்ளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாகத் தள்ளும்.

டேங்க் உள்ளே துரு. வெள்ளை வினிகர் ஊற்றி, கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, ஒரு நாள் வைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே காயவைத்தேன். ஈரம் நின்றால் ஒரு மணி நேரத்தில் துரு திரும்ப வந்துவிடும். பழைய பெட்ரோலையும் ஆயிலையும் சாக்கடையில் கொட்டக் கூடாது. நம் கழிவுநீர் எஸ்டிபிக்குப் போகிறது. அங்கே அழுக்கைத் தின்பவை நுண்ணுயிரிகள். ஆயில் போனால் அவை செத்துவிடும், பிறகு வாசனை எல்லோர் வீட்டுக்கும் வரும். நான் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன்.

இனி புகைக்கு வருகிறேன். இதற்காகத்தான் பேசவே ஒப்புக்கொண்டேன்.

போன வருடம் ஆவணியில் ஒரு ஞாயிறு காலை. எல்லாம் பூட்டியாயிற்று. இந்த வண்டியில் 2டி ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். கழற்றிப் பூட்டினால் பம்பில் காற்று நிற்கும். காற்றை முழுக்க வெளியேற்றாவிட்டால் ஆயில் போகாமல் என்ஜின் இறுகும். அதனால் முதல் ஓட்டத்துக்குப் பாதுகாப்பாக லிட்டருக்கு 20 மில்லி ஆயிலைப் பெட்ரோலிலும் கலப்பது வழக்கம். நான் அதிகப் பாதுகாப்பு என்று நினைத்து அதைப் போல நான்கு மடங்கு ஊற்றினேன். சைலன்சரில் பழைய ஆயில் வேறு தேங்கியிருந்தது. ஐந்து நிமிடம்தானே என்று பேஸ்மென்டிலேயே கிக்கரை உதைத்தேன்.

ஏழாவது உதையில் பிடித்தது. பதினோரு வருடம் கழித்துக் கேட்ட சத்தம். எனக்குக் கண் கலங்கியது, அது சந்தோஷத்தாலா புகையாலா என்று தெரியவில்லை. தூண் தெரியாத அளவுக்குப் புகை. நான் அணைக்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கிக்கொண்டே இருந்தேன். புகை மாடிப்படி வழியாக ஏறி ஏ பிளாக் முதல் மாடிக்குப் போய்விட்டது. அங்கே ஆஸ்துமா உள்ள ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய மகன் கீழே வந்தார். சத்தம் போடவில்லை. "அங்கிள், அம்மாவுக்கு மூச்சு வாங்குது. நெபுலைசர் வச்சிருக்கோம். கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் அப்படிக் கேட்டதால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை போய்ப் பார்த்தேன். அந்த அம்மாவுக்குச் சரியாகியிருந்தது. காபி கொடுத்தார். இன்று முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். அம்மா, அன்று வீட்டில் கேட்ட மன்னிப்பை எல்லோர் முன்னாலும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது புகை மட்டும்தான். அதோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய இடத்தில் அது ஆளைக் கொல்லும். பெட்ரோல் ஆவியும் அப்படித்தான் பயப்பட வேண்டியது. அது காற்றைவிடக் கனம். பேஸ்மென்டில் கீழே இறங்கித் தரையோடு தேங்கும். சம்ப் மோட்டார் சுவிட்சில் ஒரு பொறி போதும். நான் டேங்கை இறக்கியதும், கார்புரேட்டரைக் கழுவியதும் அதே மோட்டார் ரூமுக்குப் பத்தடி தள்ளித்தான். ஒன்றும் நடக்காதது என் சாமர்த்தியம் இல்லை.

அதன்பின் பெட்ரோல் சம்பந்தப்பட்ட எல்லா வேலையையும் பின் கேட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் மாற்றிக்கொண்டேன். ஆயில் அளவைச் சரிசெய்தேன். அங்கே ஸ்டார்ட் செய்து, போனில் அண்ணனைக் கூப்பிட்டுச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சைலன்சர்ல கரி அடைச்சிருக்குடா. உள் பைப்பைக் கழட்டினியா?" என்றார். கழற்றவில்லை. கடைசியில் இருக்கும் ஒரே போல்ட்டை எடுத்து உருவினால் விரல் கனத்துக்குக் கரி. சுத்தம் செய்து மாட்டியதும் பழைய சத்தம் வந்துவிட்டது. திருச்சியிலிருந்து போனிலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

பெயின்ட் அடித்தவர் டேங்கில் உள்ள பள்ளத்துக்குப் பட்டி வைத்து மறைத்துவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். தீபாவளிக்கு அண்ணன் வந்தார். பின் கேட் அருகே நாற்காலி போட்டோம். அவரால் உதைக்க முடியாது, நான் உதைத்தேன். உட்கார்ந்தபடியே கையை நீட்டி ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை முறுக்கினார். பிறகு பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை ஏன்டா எடுக்கலை?" என்றார். "நீ அன்னைக்குத் திட்டினது மறந்துடக் கூடாதுல்ல" என்றேன். வேறெதுவும் பேசவில்லை.

முடிக்கும் முன் சங்கத்துக்கும் உங்களுக்கும் சில வேண்டுகோள்கள். பின் கேட் பக்கத்து இடத்தை ஞாயிறு பத்து மணி முதல் பன்னிரண்டு வரை வண்டி வேலைக்கு ஒதுக்க நிர்வாகக் குழு யோசிக்கலாம். பேஸ்மென்டில் என்ஜினைச் சோதிப்பதும், பெட்ரோலைத் திறப்பதும், கேனில் வைப்பதும் கூடாது என்று எழுதிப் போடலாம். அதில் முதல் கையெழுத்தை நான் போடுகிறேன், இந்த முறை படித்துப் பார்த்து.

பட்டியலில் இருந்த ஒன்பதில் நான்கு இன்னும் அங்கேயே நிற்கின்றன. அவற்றில் ஒன்று உங்களுடையதாக இருக்கலாம். ஒருமுறை கீழே போய்ப் பாருங்கள். சரிசெய்ய ஆசை இருந்தால் என் ஜேஐஎஸ் ஸ்க்ரூ டிரைவரும் முட்டை அட்டைகளும் தயார். வேண்டாம் என்றால் அதுவும் நல்ல முடிவுதான். ஆனால் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே தள்ளிவிடாதீர்கள். அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்டிஓவில் பதிவை ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் காகிதத்தில் அந்த வண்டி உங்கள் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

பொங்கல் ஆறுவதற்குள் சாப்பிடப் போவோம்.