இருதயப் பிறவிக் குறையும் மூளை நாடியின் அபாயமும்

(வண்டலூரிற் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தமிழ் கற்பிக்கும் எமக்கு வைத்திய விஷயத்தில் யாது வேலையெனச் சிலர் வினவக்கூடும். திருவள்ளுவனார் ‘மருந்து’ என ஓர் அதிகாரமே வகுத்திருத்தலின், உடலோம்பலும் எம் பாடத்தின் ஓர் அங்கமேயாம்.

பிறக்கும் ஆயிரங் குழந்தைகளுள் ஏறக்குறைய 8 அல்லது 9 குழந்தைகள் இருதயத்தில் யாதானும் ஒரு குறையுடன் பிறக்கின்றன. அக்குறைகளுள் ஒன்று பெருநாடிக் குறுக்கம். ஏரிக்கால்வாய் நடுவே மண்சரிந்து அடைபடின் மேற்புறத்து நீர் கரையை முட்டும், கீழ்வயல் காயும். அதுபோலவே இங்கும் தலையிலும் கைகளிலும் இரத்த அழுத்தம் மிகும்; கால்களிற் குறையும். இக்குறுக்கத்தை அறுத்து நீக்கும் சிகிச்சையை 1944-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்துக் கிராபோர்டு என்னும் வைத்தியர் முதன்முதற் செய்தார்.

சிகிச்சை முடிந்தது, இனி அச்சமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையுடைத்து. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவமனையார், இக்குறையுடைய 100 பேரின் மூளை நாடிகளைக் காந்தப் படக் கருவியால் ஆராய்ந்தனர். அவருள் 10 பேருக்கு நாடிச்சுவர் மெலிந்து குமிழ்போற் புடைத்திருக்கக் கண்டனர். ஏனையோரில் இது நூற்றுக்கு 2 அல்லது 3 பேருக்கே உண்டு. நெடுநாளைய மிகை அழுத்தமும், பிறவியிலேயே நாடிச்சுவருக்குள்ள பலவீனமும் இதற்குக் காரணமெனக் கருதுகின்றனர். இக்குமிழ்களிற் பெரும்பாலன வெடிப்பதில்லை. வெடிப்பின் உயிருக்கே கேடாம்.

இனி, நம் குடும்பங்களைப் பற்றி ஒன்று சொல்லத் துணிகின்றோம். பெண்ணுக்குக் குழவிப் பருவத்தில் நிகழ்ந்த இருதய சிகிச்சையை வரன் வீட்டாரிடம் மறைக்கின்றோம். இடப்பக்க விலாவின் தழும்பிற்கு ஏதோ ஒரு கதை கட்டுகின்றோம். ஆசுபத்திரிக் காகிதங்களைக் கிழித்தெறிகின்றோம். பின்னர் அவள் கருவுற்றுப் பிரசவ அறைக்குச் செல்லுங்கால், அழுத்தம் ஏறும் காரணம் அங்குள்ள வைத்தியருக்கு எவ்வாறு விளங்கும்? மானத்தைக் காப்பதாக எண்ணி மகளின் உயிரைப் பணயம் வைத்தல் தருமமாமோ?

ஆதலின், இக்குறையுடையார் பழைய காகிதங்களைப் பத்திரப்படுத்துக. ஆண்டுதோறும் இருதய வைத்தியரைக் காண்க. இரத்த அழுத்தத்தை அடக்குக. புகை பிடித்தலை அறவே ஒழிக்க. மூளை நாடியைப் படமெடுத்தல் தமக்கு வேண்டுமோ என வைத்தியரிடம் வினவுக. இடிவிழுந்தாற்போல் திடீரெனக் கொடுந் தலைவலி தோன்றின், தைலந் தடவிக் காலம் போக்காது 108-ஐ அழைக்க. குமிழைக் கவ்வியிட்டோ, நாடிவழியே மெல்லிய கம்பிச்சுருள் செலுத்தியோ அடைக்கும் முறைகள் இன்று உண்டு. மூளைக்கெனத் தனி அறுவைத் துறையை வேலூரில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னைப் பொது மருத்துவமனையில் 1950-இல் டாக்டர் பா. இராமமூர்த்தியும் தோற்றுவித்தனர். அத்தகைய நகரத்தின் அருகில் வாழும் நாம் அறியாமையால் மாள்வது பெருங்குறையன்றோ!

உண்மையைச் சொல்லி மணம் பேசுவோரை இழிவாக நோக்காதிருத்தலும், உண்மை தெரிந்தும் மணக்க இசைவோரைப் போற்றுதலும் இச்சங்கத்தார் அனைவரும் மேற்கொள்ள வேண்டிய விரதமாகும். இதனை இன்றே மேற்கொள்வோமாக என வேண்டி அமைகின்றோம்.